ஐம்பதில் நிற்கும் கோடு

மார்ச் 3, திங்கள்

இரவு ஷிஃப்ட். எங்கள் முடுக்கி வளையத்தில் ஓடும் பீம், அதாவது எலக்ட்ரான் கற்றை, எந்தெந்த அதிர்வெண்ணில் ஆடுகிறது என்று காட்டும் திரையில், 50 ஹெர்ட்ஸில் அந்தக் கோடு அசையாமல் நிற்கிறது. அக்கா இன்னும் கூப்பிடவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தூங்காமல் கணக்குப் போட்டேன். பீம் மேலும் கீழுமாக ஆடுவது சுமார் 2 மைக்ரான். அதன் தடிமனே 12 மைக்ரான்தான், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆடக்கூடாது என்பது எங்கள் கணக்கு. சரி, எவ்வளவு காந்தப்புலம் இருந்தால் இந்த ஆட்டம் வரும்? நம்முடையது 3 ஜிஇவி, அதாவது முந்நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலுள்ள எலக்ட்ரான். 2 மீட்டர் நீளத்துக்கு 1 மைக்ரோ டெஸ்லா குறுக்கே விழுந்தால் 0.2 மைக்ரோ ரேடியன் திரும்பும், வளையம் முழுக்கச் சுற்றி வரும்போது அது கிட்டத்தட்ட 2 மைக்ரான் ஆகிவிடும். ஒரே ஒரு மைக்ரோ டெஸ்லா! பூமியின் புலமே 50 மைக்ரோ டெஸ்லா வரை இருக்கிறது, ஆனால் அது அசையாமல் கிடப்பதால் திருத்தக் காந்தங்களில் ஒரு முறை சரிசெய்து மறந்துவிடுகிறோம். ஆடுகிற ஒன்றுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மார்ச் 5, புதன்

நூறு விநாடி தொடர்ந்து பதிவு எடுத்துப் பார்த்தேன். கோடு சரியாக 50-ல் இல்லை. 49.97, அப்புறம் 50.02. மின் வாரியத்து அதிர்வெண் எப்படி ஏறி இறங்குகிறதோ அதே மாதிரி இதுவும். ஆக, மெயின்ஸ் மின்சாரம்தான். அதில் எந்த ஒயர் என்பதுதான் தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சாரோடு வாக்குவாதம், பீமின் ஆட்டத்தை அளந்து உடனே எதிர்ப்பக்கம் தள்ளித் திருத்தும் ஃபீட்பேக்கைப் பற்றி. "ஃபீட்பேக்கைப் போட்டுவிடு, மறைந்துவிடும், பயனர்கள் வரப் பத்து நாள்தான் இருக்கிறது" என்கிறார். போட்டேன், மறைந்தது. 50 அடங்கியது, ஆனால் 200 ஹெர்ட்ஸுக்கு மேலே இரைச்சலின் அடிமட்டம் கொஞ்சம் எழும்பிவிட்டது. எந்த ஃபீட்பேக்கிலும் தாமதம் உண்டு, ஓரிடத்தில் அமுக்கினால் இன்னோரிடத்தில் பொங்கும். அவருக்கு இது தெரியாமல் இல்லை, என்னைவிட நன்றாகவே தெரியும். நோயை விட்டுவிட்டு மாத்திரை கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன்.

பீம் ஓடும் குழாயின் சுவர் காந்தப்புலத்துக்குக் கவசமாக இருக்காதா என்று புதுப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. கிலோஹெர்ட்ஸ் கணக்கில் வந்தால் சுவரில் சுழல் மின்னோட்டம் எழுந்து தடுக்கும். நம் மெல்லிய எஃகுக் குழாயோ 50-ஐக் கண்டுகொள்வதே இல்லை, அப்படியே உள்ளே விட்டுவிடுகிறது.

மார்ச் 8, சனி, அதிகாலை 3 மணி

இந்த நேரத்தில் எனக்கு எப்போதும் லெப் ஞாபகம்தான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் மண்ணுக்கு அடியில் 27 கிலோமீட்டர் வளையமாக இருந்த பழைய துகள் முடுக்கி. நிலாவின் இழுப்பில் பாறையே நெளிந்து, சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறியதை பீமின் ஆற்றலில் பார்த்தார்கள். அது போதாதென்று 1995 வாக்கில் காந்தங்களின் புலத்தில் விளங்காத ஒரு நடுக்கம், நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம் மட்டும் அமைதி. கடைசியில் பார்த்தால் ரயில்! தண்டவாளத்திலிருந்து மண்ணுக்குள் கசிந்த மின்னோட்டம் பீம் குழாய் வழியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கடைசி ரயில் போனால் அமைதி, முதல் ரயில் வந்தால் மறுபடி.

எங்கள் கோடு இரவிலும் தூங்குவதில்லை. ரயில் இல்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒன்று.

ரிப்போர்ட் வியாழக்கிழமையே வந்திருக்க வேண்டும். அக்கா ஏன் கூப்பிடவில்லை?

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

பீம் இல்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது. காந்தப்புலம் அளக்கும் ஃபிளக்ஸ்கேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடி அடியாகச் சுரங்கத்தில் நடந்தேன். பீம் மேலும் கீழும் ஆடினால் புலம் கிடைமட்டமாக இருக்க வேண்டும், அதனால் அந்த ஒரு அச்சை மட்டும் பார்த்தபடியே. 0.05, 0.06, 0.05 மைக்ரோ டெஸ்லா. ஏழாவது பகுதிக்குள் திரும்பியதும் 0.4. இன்னும் நான்கு அடி, 1.1. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் கேபிள் தட்டு, அதில் சூடேற்றிக்குப் போகிற லைன் ஒயர் மட்டும் தனியாக. நியூட்ரல் எதிர்ச் சுவர்த் தட்டில்! போன பராமரிப்பில் யாரோ இடம் இல்லை என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒட்டி ஓடினால் ஒன்றின் புலத்தை மற்றது தின்றுவிடும். பிரிந்துவிட்டால் ஒரு மீட்டர் தள்ளி 5 ஆம்பியரே 1 மைக்ரோ டெஸ்லா தரும். ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கக் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். 5.3 ஆம்பியர். அங்கேயே சிரித்துவிட்டேன், தனியாக.

சுரங்கத்தில் சிக்னல் கிடையாது. வெளியே வந்தால் மூன்று மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

நியூட்ரலை இழுத்து வந்து லைனோடு சேர்த்துக் கட்டினோம். ஃபீட்பேக் இல்லாமலே 50-ல் இப்போது 0.2 மைக்ரான். சார் வந்து திரையை ரொம்ப நேரம் பார்த்தார், தோளில் தட்டிவிட்டுப் போனார், ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய கோடு போனதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னது தெரிகிறது. 24.6 ஹெர்ட்ஸ். இது காந்தப்புலமாக இருக்க வாய்ப்பு குறைவு. நான்கு துருவ மோட்டார் நொடிக்கு 25 சுற்றுக்குச் சற்றுக் கீழேதான் சுற்றும், தண்ணீர் பம்ப்பாக இருக்கும், குழாய் வழியாக பீமைக் குவிக்கும் காந்தமான ஏதோ ஒரு குவாட்ரபோலை உலுக்குகிறது. குவாட்ரபோல் நகர்ந்தால் பீமுக்கு அதுவும் ஒரு உதைதான், புலம் ஆடியதா இரும்பு ஆடியதா என்று அதற்குத் தெரியாது. நாளை பம்ப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன், முதலில் வடக்குப் பக்கத்து

அக்கா கூப்பிடுகிறாள்.