காகத்தின் கால்களுக்கு இடையே எத்தனை வோல்ட்?

மின்னழுத்தம் என்பதை ஒரு புள்ளியில் தேங்கியிருக்கும் ஏதோவொரு சக்தியாகவே பலரும் எண்ணுகிறார்கள். பாடநூல்களும் அந்த எண்ணத்தைப் போதிய அளவு கலைப்பதில்லை என்பது என் கருத்து. ஒரு கூலும் மின்னூட்டத்தை ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்த ஒரு ஜூல் வேலை தேவைப்பட்டால், அவ்விரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு ஒரு வோல்ட் ஆகும். எனவே இரண்டு புள்ளிகளைக் குறிப்பிடாமல் வோல்ட் கணக்குப் பேச இயலாது.

எங்கள் தெருவழியே செல்லும் 11,000 வோல்ட் கம்பியில் காகங்கள் நிம்மதியாக அமர்ந்திருப்பதையே எடுத்துக்கொள்வோம். (அந்த 11,000 என்பதும் இரு கம்பிகளுக்கு இடையிலான அளவுதான், கம்பிக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 6,350 வோல்ட்.) கிலோமீட்டருக்கு அரை ஓம் மின்தடை கொண்ட அலுமினியக் கம்பியில் 100 ஆம்பியர் பாய்வதாகக் கொண்டால், 5 சென்டிமீட்டர் இடைவெளியில் பதிந்த இரு கால்களுக்கு இடையே 2.5 மில்லிவோல்ட் மட்டுமே இருக்கும். அது காகத்தின் உடல்வழியே பொருட்படுத்தத்தக்க மின்னோட்டத்தைச் செலுத்தாது. அதே காகத்தின் இறக்கை பக்கத்துக் கம்பியில் உரசினால் கதை முடிந்தது.

அறுந்து தரையில் கிடக்கும் கம்பியோ இன்னும் கொடியது. மின்னோட்டம் மண்ணில் பரவுவதால், அகல அடி வைத்து ஓடுபவரின் இரு பாதங்களுக்கு இடையே உயிரைப் பறிக்கும் வேறுபாடு உண்டாகலாம். கால்களை ஒட்டிவைத்து, தரையைத் தேய்த்தபடி சிறுகச் சிறுக விலகச் சொல்வது இதனால்தான்.