டர்னர் வேலைக்கு ஒரு பயோடேட்டா

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் ப்ரொடக்ஷன் பார்க்கிறேன். லேத்தில் கடையும் டர்னர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பயோடேட்டாக்கள் முதலில் என் டேபிளுக்குத்தான் வரும். பெரும்பாலானவை ஒரே பிரவுசிங் சென்டரில் அடித்த மாதிரி இருக்கும். மேலே, 'சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே என் லட்சியம்.' கீழே அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று ஒரு உறுதிமொழி. சிலர் ஆதார் நம்பரையும் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தாள் எத்தனை கை மாறுமோ! அதெல்லாம் வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும்.

எனக்கு வேண்டியது நடுவில் ஒரே வரியில் கிடக்கும்: 'சிஎன்சி அனுபவம் உண்டு.' கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் ஓடும் சிஎன்சி மெஷினில் இவர் என்ன செய்தார் என்று இதை வைத்து எப்படி முடிவெடுப்பது? ஜாபை, அதாவது கடைய வேண்டிய பாகத்தை, மாட்டிக் கழற்றும் வேலை மட்டும் செய்தவரும் இப்படித்தான் எழுதுகிறார், டூலையும் அளவையும் சரிசெய்து செட்டிங் போடுபவரும் இப்படித்தான் எழுதுகிறார். இரண்டு பேருக்கும் சம்பளம் ஒன்றல்ல. நல்ல செட்டர் ஒருவர் தன் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

நான் எதிர்பார்ப்பது, எந்த மெஷின், எந்தப் பாகம், எவ்வளவு துல்லியம், எந்த அளவுக்கருவி என்று சொல்லும் இப்படி ஒரு பத்தி: 'ஃபானுக் கன்ட்ரோலர் டர்னிங் சென்டரில் பம்ப் ஷாஃப்ட் ஓட்டினேன். டாலரன்ஸ் 20 மைக்ரான். இன்செர்ட் மாற்றி ஆஃப்செட் நானே கொடுப்பேன். மைக்ரோமீட்டர், போர் கேஜ் பார்ப்பேன். ப்ரோக்ராமில் திருத்தம் செய்வேன், புதிதாக எழுத வராது.' அந்தக் கடைசி வரியைப் பார்த்தால் உடனே போன் போட்டுவிடுவேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுபவர், தெரியும் என்று சொன்னதை நம்பலாம்.

ஐடிஐ முடித்து அப்ரன்டிஸ் போனவர்கள் பலர் 'ஃப்ரெஷர்' என்றே எழுதுகிறார்கள். இது எனக்குப் புரிவதே இல்லை. ஒரு வருடம் ஷிஃப்ட் பார்த்திருக்கிறீர்கள், தேசிய அப்ரன்டிஸ் சான்றிதழ் கையில் இருக்கிறது. கம்பெனி, டிரேட், எந்த மெஷினில் நின்றீர்கள் என்பதை முதலில் போடுங்கள், மார்க்கெல்லாம் அப்புறம். டிப்ளமோ தம்பிகளுக்கு ஒன்று: கடையில் வாங்கிய ப்ராஜெக்ட் என்றால் தலைப்பைப் பெரிதாகப் போட வேண்டாம், 'இதில் நீ செய்தது எது?' என்றுதான் கேட்பேன். ஃப்ரேமுக்கு வெல்டிங் அடித்தது மட்டும்தான் என்றால் அதையே எழுதலாம். அதுவும் வேலைதான். நடுவில் ஒரு வருடம் ஊரில் தோட்டம் பார்த்திருந்தால் அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். காலியாக விட்டால்தான் கேள்வி வரும்.

பெரிய கம்பெனிகளில் முதலில் சாஃப்ட்வேர் படிக்கிறது. கட்டம், இரட்டைப் பத்தி எல்லாம் போட்டால் வரிகள் அதற்குக் குழம்பிவிடலாம். எங்களைப் போன்ற இடத்தில் வாட்ஸ்அப்தான். கோணலாக எடுத்த போட்டோ வேண்டாம், பிடிஎஃப் அனுப்புங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரும் டிரேடும் வையுங்கள். என் போனில் 'நியூ ஃபைனல் ரெஸ்யூம்' என்ற பெயரில் ஒரு குவியலே கிடக்கிறது.

போன் நம்பர் இரண்டு கொடுங்கள். ஒன்று அம்மாவுடையதாக இருந்தால் ரொம்ப நல்லது. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவரை வேறு யாரும் எழுப்ப மாட்டார்கள்.