கிரேவி, பிஸ்கட், ஒரு யானை

பொரோட்டாவும் பீஃப் ஃப்ரையும் வாங்கியவருக்கு கிரேவி தர மறுத்துவிட்டது கோலஞ்சேரியில் ஒரு ஹோட்டல். அவர் எறணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2025 மே மாதம் அந்தப் புகார் தள்ளுபடியான செய்தி வந்தபோது, கேரள மலைமேல் இருக்கும் எங்கள் தேவிகுளம் கோர்ட்டில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. மலைக்குக் கீழே போடியிலும் கம்பத்திலும் புரோட்டா இலையில் விழுந்த உடனே சால்னா வாளி வந்துவிடும், கேட்கவே வேண்டாம். அந்த ருசியில் வளர்ந்த தமிழ் வக்கீல்கள் நாங்கள் எல்லாரும் புகார்தாரர் கட்சி. மலையாள நண்பர்கள் ஹோட்டல் கட்சி. சாயா ஆறிப்போகும் வரை வாதம் நடந்தது.

எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. கிரேவிதானே என்று ஆணையம் தூக்கிப் போடவில்லை. அதிகாரிகள் ஹோட்டலுக்கே போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார்கள். கிரேவி தருவதாக ஹோட்டல் எங்காவது வாக்குக் கொடுத்ததா என்று ஆணையம் பார்த்தது. கொடுக்கவில்லை, அதனால் சேவைக் குறைபாடும் இல்லை. இதோடு 2023-இல் திருவள்ளூர் ஆணையம் சொன்ன பிஸ்கட் தீர்ப்பைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பாக்கெட்டில் 16 என்று அச்சடித்திருந்தார்கள், உள்ளே இருந்தது 15. எடையைத்தான் பார்க்க வேண்டும், எண்ணிக்கையை அல்ல என்று கம்பெனி வாதாடியது. எடுபடவில்லை, 1 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஒன்றில் வாக்கு இல்லை, இன்னொன்றில் வாக்கு அச்சிலேயே இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தை ஜூனியர்களுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல ஜோடி எனக்குக் கிடைத்ததில்லை.

பேப்பரில் இதெல்லாம் பெட்டிச் செய்தி. படித்துச் சிரிக்கலாம், நானும் சிரிப்பேன். ஆனால் புகார் கொடுத்தவர் சிரித்துக்கொண்டு வந்திருக்க மாட்டார். அது என் மேஜையில் தினமும் தெரிகிற விஷயம்.

எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா பிரஷர் குக்கரைத் துணிப்பையோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மூடியின் ஓரம் நெளிந்திருந்தது, கைப்பிடி ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பாகக் கருகியிருந்தது. வாரண்டி கார்டில் கடை முத்திரை பாதி அழிந்திருந்தாலும் தேதி தெரிந்தது. புதுக் குக்கர் வாங்கிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன்.

“குக்கர் கெடக்கட்டும் சார். எனக்கு மூடத் தெரியலேன்னு கடையில எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாரு. முப்பது வருசமா சோறாக்குறேன்.”

5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், வக்கீல்கூட வேண்டாம். இதை அவரிடமும் சொன்னேன். நோட்டீஸ் போனதும் கடைக்காரர் வேறு குக்கர் தர ஒத்துக்கொண்டார். பழுது குக்கரில்தான் என்று பில்லின் பின்பக்கம் எழுதி முத்திரை குத்தித் தந்த பிறகுதான் அக்கா அதை வாங்கினார்.

அப்புறம் அரிக்கொம்பன். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்னும் யானை என்று ஊரெல்லாம் அதற்கு ரசிகர்கள். சின்னக்கானல் எங்களுக்குப் பக்கம். அதைப் பரம்பிக்குளத்துக்குக் கொண்டுபோகலாம் என்று 2023 ஏப்ரலில் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. இங்கே கொண்டுவரக் கூடாது என்று பரம்பிக்குளத்தை ஒட்டிய முதலமடைக்காரர்கள் ஹர்த்தால் நடத்தினார்கள். அந்த உத்தரவை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் வரை போயும் எடுபடவில்லை. ஆனாலும் கடைசியில் வேறு இடம் பார்த்து, பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் டவுனுக்குள்ளேயே வந்துவிட்டது, 144 போட்டார்கள். ஜூன் 5-இல் தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. யானையைக் கேரளாவுக்கே திருப்பி அனுப்பச் சொல்லி மதுரைக் கிளையிலும் வழக்கு. ஒரு யானைக்காக இரண்டு மாநில உயர்நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் நேரம் ஒதுக்கியதை நான் பெருமையாகத்தான் நினைக்கிறேன். காட்டை விட்டுப் பிடித்துக்கொண்டு போகப்படும் உயிருக்காகவும் யாராவது வாதாட வேண்டும்.

ஆனால் அந்த யானை உடைத்த பன்னியார் ரேஷன் கடையில் இருந்தது தொழிலாளி வீட்டு மாதச் சாப்பாடு. ராத்திரி லயத்துக்கு, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளுக்குப் பின்னால் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். இந்தப் பக்கத்துக்கும் அதே அக்கறையோடு மனு எழுதப்பட வேண்டும் என்பது என் பிடிவாதம். யானை கம்பத்தில் இருப்பதை எல்லா சேனலும் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவரின் நஷ்ட ஈட்டு மனுவைத்தான் நானும் குமஸ்தாவும் எழுதிக்கொண்டிருந்தோம். கூரை ஷீட், கதவு, சருவம், அரிசி 10 கிலோ.

“பதினஞ்சு சார்,” என்றார் அவர். “அன்னைக்குத்தான் ரேஷன் வாங்குனோம்.”

குமஸ்தா ரேஷன் கார்டை வாங்கிப் பதிவைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. 15 என்று திருத்தி, கார்டின் நகலையும் மனுவோடு சேர்த்துக் கட்டினோம்.