கேஷ், காசு, கல்லா

போன வாரம் என் மச்சினன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டான். "வெள்ளைக்காரன் சொல்ற கேஷ் நம்ம காசுதான்! தமிழனா இருந்தா பகிரு." ஏழெட்டுப் பேர் உடனே கைதட்டினார்கள். 33 வருடம் வங்கியில் கேஷியர் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றுதான், ஆனால் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். "கேஷா, கார்டா?" என்று கடையில் கேட்கிறார்களே, அந்தக் கேஷுக்கு மூலம் லத்தீனின் 'காப்ஸா'. பெட்டி என்று பொருள். இத்தாலி, பிரான்ஸ் வழியாக 1590களில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த புதிதில் பணப்பெட்டிக்கும் அதுதான் பெயர், உள்ளே இருக்கும் பணத்துக்கும் அதுதான் பெயர். போகப்போகப் பெட்டி கழன்றுகொண்டது, பணம் மிஞ்சியது. சூட்கேஸில் வரும் கேஸ், மருந்துக்கடை காப்ஸ்யூல், லாரி சேஸி எல்லாம் அதே காப்ஸாவின் வாரிசுகள்தாம்.

பெட்டி எப்படிப் பணமாகும் என்று கேட்டால் நம் மளிகைக் கடைக்குப் போய்ப் பாருங்கள். "கல்லாவில யாரு உட்கார்ந்திருக்கா?" என்றால் பெட்டி. "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்றால் பணம்.

சரி, மச்சினன் முகம் மலர வேண்டிய இடத்துக்கு, சில்லறை நாணயத்தைக் குறிக்கும் அந்த இரண்டாவது கேஷுக்கு வருவோம். நம் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் 'காசு' என்பதைக் காதில் வாங்கி 'காய்ஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் காய்ஷா என்றால் ஏற்கெனவே பெட்டி! அதை வாங்கிய ஆங்கிலேயர், தங்களிடம் இருந்த கேஷ் போலவே இதையும் எழுதிவிட்டார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கு இப்படி: 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். ஆக ஒரு வராகனுக்கு 3360 காசு. 1818-இல் ரூபாய்க் கணக்கு வந்தது. அந்தக் காலத்துக் கேஷியர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. சீனர்கள் நடுவில் சதுர ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து வைத்த செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தார்கள். சீனனுக்கே தெரியாமல் அவன் நாணயத்துக்குத் தமிழ்ப் பெயர்.

என்னிடம் ஒரு 20 காசு இருக்கிறது, நாணயக் கண்காட்சி ஒன்றில் வாங்கியது. கனத்த செம்பு. 1808 என்று வருடம், ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்'. பர்மிங்காமில் அச்சடித்துச் சென்னைக்கு அனுப்பிய வகை. அந்த வருட நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில்தான் முக்குளித்து அள்ளினார்கள். என் காசு கடலில் கிடந்ததா, புழங்கியதா என்று விற்றவரைக் கேட்டேன். "எடுத்தா எடுங்க சார்" என்றார்.

ஆக மச்சினனுக்குப் பாதி மார்க்.

அப்புறம், கேஷியர். பெட்டிக்குக் காவலாள் என்பது ஒரு பொருள். ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியைப் பிடுங்கி அனுப்புவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றுதான் சொல்வார்கள். அது டச்சு வழியாக வந்த வேறு சொல், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கின்றன அகராதிகள். ஒரு சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் 500 ரூபாய் துண்டு விழுந்தபோது எனக்குச் சம்பந்தம் நன்றாகவே தெரிந்தது. எட்டு மணிவரை கட்டுகளைப் பிரித்துப் பிரித்து எண்ணினோம். மேனேஜர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் நனைக்கிற ஸ்பாஞ்சுக் கிண்ணத்தைக் கழுவலாம் என்று தூக்கினேன். அதன் அடியில், ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த ஒற்றைத் தாள்.