ஆன்டலோப் கேன்யனில் படமெடுக்க: வானத்தைப் படச் சட்டத்துக்கு வெளியே விடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படமெடுக்கும் தம்பிகளுக்கு அமெரிக்கப் பயணம் அமைந்தால், முதலில் கேட்கும் இடம் அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யன் என்னும் குறுகிய பாறை இடுக்கு. ஆரஞ்சும் ஊதாவுமாக வளைந்து நெளியும் மணற்பாறைச் சுவர்கள். ஆனால் திரும்பி வந்து காட்டும் பல படங்களில் மேலே வெள்ளை வெளேரென்று ஒரு கீற்று வானம், கீழே சாம்பல் பூத்த பாறை. கேமராவை மாற்றினால் இது சரியாகாது. வெளிச்சம் அங்கே எப்படி இறங்குகிறது என்று புரிந்தால் சரியாகும்.

பெரும்பாலும் இடுக்கின் மேல் விளிம்பில்தான் வெயில் நேராகப் படும். அது எதிர்ச் சுவரில் தெறித்து, அங்கிருந்து இன்னொரு சுவருக்குப் போய், இப்படியே கீழே வருகிறது. பாறையில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் ஒவ்வொரு தெறிப்பிலும் சிவப்பு கூடும். தெறிப்பு எட்டாத மடிப்புகளில் வானத்தின் நீலம் மட்டும் விழுவதால் அவை ஊதாவாகத் தெரியும். நிறச் சமநிலையைக் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால், இவ்வளவு ஆரஞ்சு இருப்பது தவறு என்று நினைத்து அதையே கழுவி எடுத்துவிடும். அதனால் பகல் வெயிலுக்கான 5500 கெல்வினில் பூட்டிவிடுங்கள். நிறத்தைப் பிறகு மாற்றக்கூடிய ரா கோப்பாக எடுத்தாலும் பூட்டுங்கள். இல்லையென்றால் பின்திரையில் பார்ப்பதை நம்பி முடிவெடுக்க முடியாது.

அடுத்தது வானம். சட்டத்துக்குள் ஒரு விரல் அகலம் வானம் வந்தாலும் அது வெந்து வெறும் வெள்ளையாகிவிடும், கண்ணும் அங்கேதான் ஓடும். கேமராவை மேலே சாய்க்கும்போது வெயில் நேராகப் படும் பாறை விளிம்புக்குக் கீழேயே நிறுத்துங்கள். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில், மொத்த வெளிச்சத்துக்கான வெள்ளைக் கோட்டை மட்டும் பார்க்க வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் முறையைப் போடுங்கள். இங்கே முதலில் முட்டுவது சிவப்பு. வெள்ளைக் கோடு பத்திரமாக இருக்கும்போதே சிவப்பு அறுந்து, பாறையின் வரிகள் மழுங்கிவிடும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுப்பது நல்லது.

டிரைபாட், மோனோபாட், செல்ஃபி குச்சி எதற்கும் அனுமதி இல்லை. பைகூட உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 16-35 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 1/60 வினாடி, ஐஎஸ்ஓ 800க்கும் 1600க்கும் நடுவே தொடங்குங்கள். 16 மி.மீட்டரில் எஃப்/8 வைத்து, ஃபோகஸை 1.1 மீட்டரில் நிறுத்தினால் அரை மீட்டரிலிருந்து கடைசிவரை தெளிவாக வரும். 24 மி.மீட்டரில் அதே தெளிவு 1.2 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். சுவர் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிது.

இதையெல்லாம் ஊரிலேயே பழகிக்கொள்ளலாம். கடைவரிசைக்குப் பின்னால் போகும் சந்தில் காலை பத்து மணி வாக்கில் நில்லுங்கள். ஒரு பக்கச் சுவரில் வெயில், எதிர்ப்பக்கம் நிழல். வெயில் படும் சுவரில் சிவப்புச் சாயம் இருந்தால், நிழல் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பில் அந்தச் சிவப்பு மெல்லப் படிந்திருக்கும். கீழே கால்வாய் ஓரம் போகப் போக நீலம் ஏறும். ஆட்டோவில் ஒன்று, 5500இல் ஒன்று எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வானத்தை வெட்டி விட்டுச் சட்டம் அமைக்கவும் அதே சந்து போதும். கைநடுக்கம் எந்த வேகத்தில் தெரிகிறது என்பதையும் அங்கேயே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து தூணாக இறங்கும் ஒளிக்கற்றைக்குப் பழக, பத்துமலையின் மேல் குகையில் கூரை திறந்திருக்கும் பகுதி பொருத்தம். ஆன்டலோப்பில் கற்றை வேண்டுமானால் மேல் கேன்யனுக்குத்தான் போக வேண்டும். அது அடியில் அகலம், மேலே குறுகல். கீழ் கேன்யன் நேர்மாறு, மேலே விரிந்திருப்பதால் கற்றை அபூர்வம், ஆனால் வண்ணமும் வளைவும் அங்கேதான் அழகு என்பது எங்கள் கருத்து. ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் அங்கே சுமார் 76 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பரில் சுமார் 30 பாகைதான் வரும், கற்றை அடிவரை இறங்காது. மார்ச் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, பதினொன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் உள்ள சீட்டைப் பிடியுங்கள். கற்றை சில நிமிடம்தான் நிற்கும், நகர்ந்துகொண்டே போகும். தூசி இல்லாமல் அது கண்ணுக்குத் தெரியாது.

நவஹோ மக்களின் நிலம் அது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. குழுவில் கடைசி ஆளாக நடந்தால் முன்னால் இருப்பவர்கள் வளைவு திரும்பியதும் சில விநாடி இடம் காலியாகக் கிடைக்கும்.

கடிகாரத்தைக் கவனியுங்கள். நவஹோ நிலத்தில் கோடையில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அரிசோனாவின் மற்ற பகுதிகளில் தள்ளுவதில்லை. கேன்யன் சுற்றுலாக்கள் அரிசோனா நேரப்படிதான் நடக்கும். கைப்பேசி தானாக நேரம் மாற்றிக்கொண்டால் சீட்டு போச்சு. ஃபீனிக்ஸ் நேரத்தைக் கையால் அமைத்து வையுங்கள். மலேசிய நேரத்துக்கு 15 மணி நேரம் பின்னால்.

வெள்ளத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் கேன்யனில் 11 பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது அவர்கள் நின்ற இடத்தில் அல்ல, மேற்புறத்தில் பல மைல் தள்ளி. லாத்தா கிஞ்சாங் அருவியில் குளிக்கப் போகிறவர்களுக்குக் கெப்பாலா ஆயர், அதாவது மேலிருந்து திடீரென்று பாயும் வெள்ளம், எப்படி வரும் என்று தெரியும். இதுவும் அப்படித்தான், ஏறி ஒதுங்கக் கரை மட்டும் இருக்காது. ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை அங்கே இடிமழைக் காலம். சுற்றுலாவை ரத்து செய்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். யூட்டாவின் பக்ஸ்கின் கல்ச் போன்ற, வழிகாட்டி இல்லாமல் போகக்கூடிய இடங்களில் அன்றைய திடீர் வெள்ள முன்னறிவிப்பைப் பார்க்காமல் இறங்கவே கூடாது.

மணல் மேலிருந்து மாவாய்க் கொட்டும். உள்ளே லென்ஸ் மாற்றக் கூடாது. ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ் தூசியை உள்ளே இழுக்கும், நீளாத லென்ஸ் உத்தமம். கண்ணாடியில் மணல் படிந்தால் துணியால் துடைக்காதீர்கள், கீறிவிடும். முதலில் ஊதுபந்து, பிறகு பிரஷ், கடைசியில்தான் துணி. வீடு திரும்பியதும் எஃப்/16இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்தால் சென்சாரில் ஒட்டிய தூசி கரும்புள்ளியாகத் தெரியும். அதைச் சுத்தம் செய்தபின், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு உள்ள உலர்பெட்டியில் கேமராவை வையுங்கள்.