கூடை இல்லாத ஞாயிறுகள்

எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு நாஷ்டா என்றுதான் பேர். வேலைக்குப் போன இடத்தில் எல்லோரும் டிபன் என்றார்கள், நானும் பழகிக்கொண்டேன். ஆனால் தண்டையார்பேட்டையில் கால் வைத்ததும் உருதுவிலிருந்து வந்த அந்தப் பழைய சொல்தான் வாயில் வரும். "நாஷ்டா ஆச்சாமா?" என்று கேட்டால்தான் அம்மாவிடம் பேசுவது போல இருக்கும்.

ஞாயிறு காலை நானும் கணவரும் மகளும் விம்கோ நகரில் மெட்ரோ ஏறிவிடுவோம். 2021-ல் இந்த வழித்தடம் திறந்த பிறகுதான் வாராவாரம் வர முடிகிறது. அம்மாவும் அப்பாவும் நேராக ஓட்டலுக்கே வந்துவிடுவார்கள். ஆறே மேசை. வாசலில் தோசைக்கல், உள்ளே பெரிய அண்டாவில் வடகறி. ஒன்பதரைக்கு மேல் போனால் வடகறி இருக்காது.

அப்பாவுக்கு ஆப்பமும் பாயாவும். பாயாவில் ஊறிப் பூவாகிப் போன ஆப்பத்தை அவர் வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும். மகளுக்குப் பூரி. எனக்கும் அம்மாவுக்கும் இட்லி வடகறி. என் கணவருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கல்யாணமான புதிதில் வடகறியைப் பார்த்து, "வடை உடைஞ்சு போச்சா?" என்று கேட்டார். அம்மா பொறுமையாகச் சொன்னாள்: "இல்ல மாப்ள, கடலைப்பருப்பக் கொரகொரன்னு அரைச்சு, வடையாப் போட்டு, அப்புறம் நாமளே உதுத்து கறிமசாலாவுல போடறது. சோம்பு கொஞ்சம் தூக்கலா இருக்கணும்." இப்போது அவருக்குத்தான் ரெண்டாவது கிண்ணம் வேண்டியிருக்கிறது.

வருஷத்தில் முக்கால்வாசி ஞாயிறுகளில் இந்த நாஷ்டா இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். காரணம், மேசைக்கு அடியில் இருக்கும் கூடை. அப்பா விடியற்காலை ஐந்து மணிக்கே காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கிவிடுவார். சங்கரா, கடம்பா, சில நாள் வெறும் காரப்பொடி மீன். கூடையில் மீன் இருக்கும்போது அம்மாவின் மனசு இட்லியில் இருக்காது. "சீக்கிரம் துன்னுங்க, மீன் ஆயணும்" என்பாள். பாதி இட்லியில் எழுந்து கை கழுவப் போய்விடுவாள். ஐந்து பேர் சாப்பிடும் அளவுக்குச் செதில் எடுத்து, கழுவி, மசாலா அரைத்து, குழம்பு கொதித்து இறங்கும்போது மணி ஒன்றாகிவிடும். வாரத்தில் ஒரு வேளை அடுப்படியிலிருந்து விடுதலை என்றுதான் ஓட்டலுக்குக் கூப்பிட்டோம். அந்த வேளையையும் மீன் தின்றுவிடும்.

ஏப்ரல் 15 வந்தால்தான் இது மாறும். மீன்கள் முட்டையிடும் காலம் என்று ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை 2017-ல் 61 நாளானது. ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்கு அப்பாவால் விலை கொடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் கூடை வீட்டிலேயே ஆணியில் தொங்கும்.

போன ஞாயிறு அம்மா நாலு இட்லி சாப்பிட்டாள். பிறகு ஒரு ஊத்தப்பம் சொன்னாள், அதுவும் அவளாகவே. முதுகை நாற்காலியில் சாய்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் சின்னப் பெண்ணாக இருந்தபோது குழாயடியில் நடந்த ஒரு சண்டையை முழுசாகச் சொல்லி முடித்தாள். அம்மாவுக்கு இப்படி நிறுத்தி நிதானமாகக் கதை சொல்ல வரும் என்பதே எனக்கு நாற்பது வயதில்தான் தெரிகிறது.

மேசை துடைக்க வந்தவரை அப்பா பார்த்துவிட்டார். காசிமேட்டில் போட்டில் போகிறவர். தடைக்காலத்துக்கு இங்கே வேலைக்கு வந்திருக்கிறார்.

"இன்னா நைனா, கூடையக் காணோம்?"

"நீங்க போனாத்தானேப்பா எனக்குக் கூடை. வூட்ல சமாளிக்க முடியுதா?"

"கவர்மெண்ட் பணம் வந்தா கொஞ்சம் மூச்சு வுடலாம் நைனா. எஞ்சின் வேலை வேற கீது."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எனக்குத் தொண்டையை அடைத்தது. எங்கள் அம்மாவுக்குக் கிடைக்கும் இந்த ஓய்வு, அவர் வீட்டில் வருமானமில்லாத ரெண்டு மாசம். படகு சீக்கிரம் கடலுக்குப் போகட்டும் என்றுதான் மனசார நினைத்தேன்.

அவர் இலையை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் அம்மா என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"இன்னும் எத்தினி ஞாயிறு இருக்குது?"

"ரெண்டும்மா."

"சரி, அப்போ இன்னொரு டீ சொல்லு."