ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப முடியவில்லை

மகன் புதன்கிழமை மாலை பிறந்தான். வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று பட்டர்வொர்த்திலிருந்து அம்மா விடிந்ததுமுதல் போன் மேல் போன். நாங்கள் இருந்தது பினாங்குத் தீவில். பாலத்தில் ஜாம் வேறு இருக்கும்.

ஒன்பதரைக்கு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு தாளோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும், தமிழர். குழந்தையின் கால் பட்டையையும் மனைவியின் கைப்பட்டையையும் சேர்த்துப் பிடித்து எண்ணை வாய்விட்டுப் படித்தார். வைட்டமின் கே, ஹெபடைடிஸ் பி, பிசிஜி, பால் குடிப்பது, சிறுநீர், மலம் என்று பேனா வரிசையாக இறங்கி வந்தது. ஜி6பிடி என்ற நொதிக்கான சோதனை வந்ததும் நின்றுவிட்டது.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். இந்த நொதி குறைவாக இருக்கும் குழந்தைக்குச் சில மருந்துகளும் பொருள்களும் ஒத்துக்கொள்ளாது. சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை வேகமாக ஏறும். இதெல்லாம் அன்று எனக்கு எங்கே தெரியும்? என் கண் கடிகாரத்தில் இருந்தது.

"ரத்தம் அனுப்பியாச்சுன்னு டிக் இருக்கே, மிஸ்ஸி?"

"அனுப்பினதுக்கு இருக்கு தம்பி. ரிசல்ட் பார்த்ததுக்கு இது வேற கட்டம்."

போனில் சொல்லுங்களேன் என்றேன். கிளினிக் மிஸ்ஸிதான் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களே என்றேன். குரலும் உயர்ந்துவிட்டது, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது இதே மாதிரித் தாளில் கையெழுத்துப் போடுகிறவன் நான். மெஷின் பக்கமே போகாமல் டிக் போட்ட நாளும் உண்டு. அவர் அசரவில்லை. லேப்புக்கு மூன்று முறை அழைத்தார். பத்தரை தாண்டியது. அம்மாவின் போனை நான் எடுக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு முடிவு வந்தது. குறைபாடு இருக்கிறது. முந்தைய நாளே தயாரான தாள் வேறு வார்டுக்குப் போய்க் கிடந்திருக்கிறது.

ஐந்தாம் நாள்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். தவிர்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தவர் 'பாச்சை உருண்டை' என்றதும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா மகனின் பழைய சட்டைகளை அம்மா நான்கு வருடமாகப் பாச்சை உருண்டை போட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். அன்று காலைதான் எடுத்துக் கட்டிலில் அடுக்கி, படம்கூட அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை மாலை கண்ணில் மஞ்சள் தெரிந்தது. கண்ணை மறைத்துக் கட்டி, நீல விளக்கின்கீழ் இரண்டு நாள் போட்டார்கள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போதெல்லாம் நான் வெளியே போய்விடுவேன்.

அந்த இரவுகளில் போனில் தேடித் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பிரசவத்துக்கென்று வெளியிட்ட பட்டியலில் 29 விஷயங்கள் இருக்கின்றன. தாயைச் சேர்க்கும்போது, முக்குவதற்குச் சற்று முன், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், வீட்டுக்கு அனுப்பும் முன் என நான்கு இடங்களில் நின்று பார்க்கச் சொல்கிறது. உத்தரப் பிரதேசத்தில் அதைப் பெரிய அளவில் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். பராமரிப்பு முறைகள் மேம்பட்டன; ஆனால் குழந்தை இறப்பு குறையவில்லை. படித்ததும் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் எங்கள் கதையையே யோசித்தேன். கட்டம் காலி என்றதும் போனை எடுக்க லேப்பில் ஆள் இருந்தார், மஞ்சள் ஏறியதும் போட ஒரு விளக்கு காலியாக இருந்தது. இதில் எது இல்லாவிட்டாலும் அந்தத் தாள் வெறும் தாள்தான்.

செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது மிஸ்ஸி தாளை என்னிடமே நீட்டி, "நீயே படி தம்பி" என்றார். படித்தேன். மணி மூன்று தாண்டியிருந்தது, மறுபடியும் ராகு காலம். அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். உள்ளே அலமாரிக் கதவு இரண்டும் விரியத் திறந்து கிடந்தன.